ரெண்டு மரக்கா தவிடு

சிரிப்பு வந்தா சிரிச்சிரு தங்கச்சி, எதுக்கு முந்தானையால வாயப் பொத்திக்கிற. அந்த நர்சம்மா "தவிட்டாயி"ன்னு சத்தமாக் கூப்பிட்டதும் இந்த வராந்தாவுல பாதிப் பேரு சிரிச்சுட்டாங்க. காவலுக்கு நிக்கிறாரே, அவரே மீசைய நீவிக்கிட்டாரு. இந்தக் காலத்துல இப்படியும் ஒரு பேரான்னு. எனக்கு இது புதுசில்ல. இருபத்தேழு வருசமா இந்தச் சிரிப்பப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

"தவிட்டாயி கூட வந்தவங்க யாரு"ன்னு கேட்டதும் எந்திரிச்சுப் போனாளே, அதோ கம்பிக் கதவுகிட்ட நிக்கிறா பாரு, பச்சைச் சேலை, அவ பேரு ராசாம்பா. உள்ள வலியில கெடக்குறவளப் பெத்தது நானு. வெலைக்கு வாங்குனது அவ. அதான் அவ எந்திரிச்சுப் போனா, நான் உக்காந்திருக்கேன்.

பைய எதுக்கு அப்படிப் பாக்குற? தவிடுதான். எல்லாரும் பிளாஸ்க்கும் பழஞ்சேலையுமா வர்ற எடத்துக்கு இவ தவிட்டு மூட்டையோட வந்து உக்காந்திருக்காளேன்னு நெனைக்கிற. காவக்காரரும் வாசல்ல இதத்தான் கேட்டாரு. மாட்ட எங்கம்மா கட்டிருக்கன்னாரு. ரெண்டு மரக்கா அளந்து கட்டியிருக்கேன். இப்பல்லாம் தவிடு எங்க கெடைக்குது, எண்ணெ எடுக்குறேன்னு மொத்தத்தையும் லாரியில ஏத்திப்புடுறாங்க. மூணு மில்லு ஏறி எறங்கிக் கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். உள்ள கொழந்த பொறக்குறதுக்குள்ள இது ராசாம்பா கைக்குப் போய்ச் சேரணும். சேரலேன்னா உள்ள இருக்குறவளுக்கு என்ன ஆகும்னு நெனைக்கவே பயமா இருக்கு. காலையிலேருந்து பிரஷர் ஏறிக்கிட்டே இருக்குதாம். நூத்தி அறுவதுன்னு காதுல விழுந்துச்சு.

மொதல்லேருந்து சொன்னாத்தான் ஒனக்குப் புரியும்.

நாங்க துறையூருக்கு மேக்க. எங்க பக்கம் பொம்பளப் பேரக் கேட்டாலே அந்த வூட்டுக் கத தெரிஞ்சுபோகும். குப்பாயின்னு ஒருத்தி இருந்தா, பொறந்ததும் குப்பைமேட்டுல கெடத்தி எடுத்ததுன்னு அர்த்தம். பிச்சாயின்னா, பெத்தவளே அடுத்தூட்டு வாசல்ல நின்னு மடிப்பிச்சையா ஏந்தி வாங்குனது. மூக்காயின்னா பொறந்த அன்னிக்கே மூக்கக் குத்தி ஒரு கொறை பண்ணி வச்சது. தவிட்டாயின்னா தவிட்டுக்கு வித்தது. பேருதான் வேற வேற, காரணம் ஒண்ணுதான். அந்தப் பேரு வச்ச வூட்டுல அதுக்கு முன்னாடி பொறந்ததுங்க ஒண்ணும் தங்கியிருக்காது. நல்ல பேரா வச்சு, மையிட்டு, கொஞ்சிக்கிட்டிருந்தா எமன் எட்டிப் பாக்குறான். குப்பைன்னும் தவிடுன்னும் கூப்பிட்டா, இது யாருக்கும் வேண்டாததுன்னு தாண்டிப் போயிருவான். எங்க ஊருல மட்டும் ஏழு தவிட்டாயி இருந்தாங்க. ஏழு பேரும் எழுவது வயசு தாண்டித்தான் போனாங்க. கேக்குறவங்களுக்குச் சிரிப்பா இருக்கும். வச்சவங்க சிரிச்சுக்கிட்டு வைக்கல தங்கச்சி.

எனக்கு மூத்தது ஆணு. பதினோரு நாளு. அடுத்தது பொட்டப்புள்ள, அஞ்சு மாசம் இருந்துச்சு, மொகம் பாத்துச் சிரிக்கப் பழகியிருந்துச்சு. பூங்கோதைன்னு பேரு வச்சிருந்தேன். நானே ஆசப்பட்டு வச்ச பேரு. ஒரு வெள்ளிக்கெழம காச்சல் வந்துச்சு, ஞாயித்துக்கெழம இல்ல. அப்பறம் ஒரு வருசம் நான் யாரு வூட்டுத் தொட்டிலையும் திரும்பிப் பாக்கல.

மூணாவதா இவ. என் வூட்டுக்காரரோட அக்கா அங்கம்மான்னு ஒரு நாத்தனா, அவதான் எல்லாத்துக்கும் முன்னால நின்னா. பேரு வைக்காத, நெத்தியில பொட்டு வைக்காத, வித்திருன்னுட்டா. யாருக்கு விக்கிறது? கூடப் பொறந்தவங்க, சொந்தக்காரங்க வாங்கக் கூடாது. பெத்ததுல ஒண்ணுகூடத் தவறாத கையா இருக்கணும். ராசாம்பா அப்ப ரைஸ் மில்லுல தவிடு சலிக்கிற வேலை பாத்தா. அஞ்சு புள்ளைங்க, அஞ்சும் உசுரோட. வேற தெருக்காரி. அவங்கள்லாம் எங்க வூட்டுக்குள்ள வந்து போற வழக்கம் கெடையாது. அதனால பொறவாசலுக்கு வரச் சொன்னோம்.

மூணாம் நாளு காலையில வந்தா. நான் புள்ளைய ஒரு மொறத்துல கெடத்திக் கீழ வச்சேன். அவ ஒரு மரக்கா தவிட்ட இன்னொரு மொறத்துல கொட்டிக் கீழ வச்சா. மூணு தடவ கேக்கணும். வித்தீங்களா? வித்தேன். வித்தீங்களா? வித்தேன். மூணாவது தடவ எனக்குக் கொரலு வரல. அங்கம்மா முதுகுல ஒரு குத்து விட்டா, வித்தேன்னுட்டேன். அவ புள்ளைய எடுத்துக்கிட்டுத் தெருமொன வரைக்கும் நடந்தா. பச்ச ஒடம்போட வாசப்படியில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். திரும்பி வந்து, இது என் புள்ள, எனக்காக வளத்துக் குடுங்கன்னு சொல்லிக் கீழ வச்சுட்டுப் போனா. தவிட்ட மாட்டுக்குக் காட்டினோம். அவ்வளவுதான் கத. பேரு தவிட்டாயி.

அவ்வளவுதான்னு சொன்னேன்ல, அது இல்ல. அதுக்கப்பறம்தான் கஷ்டமே. ரெண்டு மடங்கு தவிடு அளந்து குடுத்து, ஒரு சேலையும் வச்சுத் திருப்பி வாங்கணும். வாங்குற வரைக்கும் ஒரு சொல்லு என் வாயில வரக் கூடாது. கொஞ்ச முன்னாடி உள்ள யாருன்னு நான் கேட்டதுக்கு "எம் பொண்ணு"ன்னு சொன்னியே தங்கச்சி, சட்டுனு, யோசிக்காம. அந்தச் சொல்லு. அத நான் இந்த இருபத்தேழு வருசத்துல இவளப் பத்தி ஒருக்காகூடச் சொன்னதில்ல. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவன் கேட்டப்பகூட, எழுதிக்க, ஆனா என்ன வாயால சொல்லச் சொல்லாதேன்னேன். அவன் என்னைப் பைத்தியமான்னு பாத்தான்.

ஏன் திருப்பி வாங்கலன்னு கேக்குற. வாங்கத்தான் நெனச்சேன். மூணு வயசுல காது குத்துறப்ப தவிடு அளந்து வச்சாச்சு. அந்த வாரம் பாத்துத் தம்பிக்கு வயித்தால போகுது. ஆமா, அவளுக்கு அப்பறம் ஒரு பையன் பொறந்தான், இளவேந்தன், பெங்களூருல இருக்கான், லீவு கெடைக்கலையாம். எனக்குப் பயமாப் போச்சு. இவள நமக்குன்னு கேக்கப் போயித்தான் எமன் கதவுகிட்ட வந்துட்டான்னு விட்டுட்டேன். அப்பறம் அவ பெரிய மனுசி ஆனப்ப வாங்கிரலாம்னு இருந்தேன். அந்த வருசம் பாத்து எம் பையன இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல சேத்தோம், அலைச்சல், நேரம் வாய்க்கல. இப்படியே தள்ளிப் போயிருச்சு.

பாசம் இல்லாம இல்ல. ஒனக்கு அப்படித் தோணக் கூடாது. பாசம் இருந்ததுனாலதான அப்படி இருந்தேன். எம் பையனுக்கு முட்டை வைப்பேன், அவளுக்கு வைக்க மாட்டேன். அடுத்தவ புள்ளைக்கு யாராவது முட்டை வைப்பாங்களா, வச்சா எமனுக்குத் தெரிஞ்சுபோகும்ல. தீவாளிக்கு அவனுக்குப் புதுச் சட்டை, அவளுக்கு அங்கம்மா பொண்ணு போட்டுக் கழிச்ச பாவாடை. எல்லாம் அவ நல்லாருக்கணும்னுதான். துணி தொவைக்கிறப்ப அந்தப் பாவாடைய மோந்து பாத்துட்டுத்தான் தண்ணியில முக்குவேன். அது யாருக்குத் தெரியும்? தெரியக் கூடாதுன்னுதான் கொளத்துல யாரும் இல்லாத நேரமாப் பாத்துப் போவேன்.

அவளுக்கு ஒம்போது வயசு இருக்கும். பள்ளிக்கூடத்துலேருந்து வந்து பைய எறக்காம நின்னா. ஒனக்குத் தெரியும்ல, எல்லா வூட்டுலயும் புள்ளைங்கள அழ வைக்க, ஒன்னைத் தவிட்டுக்கு வாங்குனோம்னு சொல்லுவாங்க. புள்ள அழும். அப்பறம், இல்லடா கண்ணு சும்மா சொன்னேன்னு எடுத்து மடியில வச்சுக்குவாங்க. அதே மாதிரி இவளையும் பசங்க கேலி பண்ணிருக்காங்க. வந்து கேட்டா. "என்னை நெசமாவே தவிட்டுக்கு வித்தியாம்மா?"

நான் என்ன சொல்லுவேன்? இல்லேன்னு சொல்லக் கூடாது. ஆமான்னேன்.

அவ அழல. பையோட அப்படியே திரும்பி ராசாம்பா தெருவுக்குப் போயிட்டா. பொழுது எறங்குறப்ப ராசாம்பாவே அவ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து பொறவாசல்ல நின்னா. சோறு தின்னுருச்சுங்க, ஆனா நெஞ்சு வெம்பிக்கெடக்குது, ஒங்க புள்ளதான்னு ஒரு வார்த்த சொல்லிக் கூட்டிக்குங்கன்னா. அந்தப் புள்ள என் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்குது. சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன். ஆனா பூங்கோதை மொகம் கண்ணுக்கு முன்னால வந்து நின்னுச்சு. எம் புள்ள இல்ல, உம் புள்ள, விட்டுட்டுப் போ, நான் வளக்குறேன்னு சொன்னேன்.

சின்னப் புள்ளதான, மறந்துரும்னு நெனச்சேன்.

மறக்கல. பத்தாவது பரீட்சைக்கு முன்னாடி எட்மாஸ்டர் கூப்பிட்டு விட்டாரு. சர்ட்டிபிகேட்டுல ஏறிட்டா மாத்துறது கஷ்டம், நல்ல பேரா ஒண்ணு குடுங்கம்மான்னாரு. நான் சுகந்தின்னு யோசிச்சு வச்சிருந்தேன். அழகான பேருதான? இவ எட்மாஸ்டர் முன்னாலயே சொல்றா, இந்தப் பேர ஒருத்தங்க வெல குடுத்து வாங்கியிருக்காங்க சார், அவங்களக் கேக்காம மாத்த முடியாதுன்னு. எனக்கு மொகம் செத்துப்போச்சு. இன்னிக்கும் அதே பேருதான். போஸ்டாபீசுல வேலை பாக்குறா தெரியுமா, அஞ்சு ஊருக்குத் தபாலு அவ கையாலதான் போகுது. கையெழுத்துப் போடுறப்ப தவிட்டாயின்னு முழுசா, நிறுத்தி நிதானமாப் போடுவா. யாராவது சிரிச்சா, இந்தப் பேருக்கு உசுரு தப்புனவன்னு அர்த்தம்னு சொல்லுவாளாம். நான் அர்த்தம் சொல்லிக் குடுத்ததில்ல. ராசாம்பாதான் சொல்லிருக்கணும்.

மொதச் சம்பளத்துல ஒரே ஒரு சேலை எடுத்தா. அதோ ராசாம்பா கட்டியிருக்கால்ல, அந்தப் பச்ச. நாலு வருசமாச்சு, இன்னும் சாயம் போகல. எனக்கு ஆயிரம் ரூவா குடுத்தா. ரூவா. பக்கத்து வூட்டுக்காரிக்குக் குடுக்குற மாதிரி கையில குடுத்துட்டுச் செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். இத எப்படிப் பொறுக்குறது சொல்லு. ஏழாம் மாசம் வளகாப்பு. ஏழு வகைச் சோறு கட்டி, வளையலு, பூ, பழம் எல்லாம் எடுத்துக்கிட்டு மாப்புள்ள வூட்டுக்குப் போனேன். மொதப் பிரசவம் தாய் வூட்டுல. அத யாரும் மாத்த முடியாதுல்ல. கூட்டிட்டு வந்துரலாம், அவளுக்கு வெந்நீ வச்சு ஊத்தலாம், காலு பிடிச்சு விடலாம்னு நான் பாட்டுக்கு நெனச்சுக்கிட்டுப் போறேன். கார் வரச் சொல்லட்டுமான்னு நான் கேட்டதுக்கு, தாய் வூட்டுக்குத்தான் போறேன், ராசாம்பாம்மா வந்துக்கிட்டிருக்காங்கன்னா. சபையில, அத்தன பேரு முன்னால. அந்தம்மாவும் வந்துச்சு, ஆட்டோவுல. அவ வூடு ஒத்த ரூம்பு, தகரக் கூரை. போஸ்டாபீசு உத்தியோகக்காரி அந்த வூட்டுல ரெண்டு மாசமாப் பாயில படுத்துக்கெடக்குறா. என் வூட்டுக்காரரும் போனப்பறம் அவ்வளவு பெரிய வூட்டுல நான் ஒத்தையில இருக்கேன். ராசாம்பாவுக்கு என்ன கொறைச்சல்? அஞ்சு இருக்குல்ல அவளுக்கு? அரசாங்க உத்தியோகம் பாக்குற புள்ளன்னதும் விட மனசில்ல, அதான்.

இப்ப ஒரு மணி நேரத்துக்கு முந்தி போயி அவகிட்ட நின்னேன். ரெண்டு மரக்கா இருக்கு, சேலையும் வச்சிருக்கேன், வாங்கிக்கிட்டுத் திருப்பிக் குடுத்துருன்னு கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். அவ பையத் தொடவே இல்ல. "இதெல்லாம் என்கிட்ட எதுக்குங்க கேக்குறீங்க? உள்ள இருக்குறது நெல்லா பருப்பா, அளந்து குடுக்க? பெத்துட்டு வெளிய வரட்டும், அதுகிட்டயே கேளுங்க"ன்னா. எவ்வளவு திமிரு பாத்தியா. வெளிய வரட்டுமாம். கணக்கு தீராம எப்படி வெளிய வரும்? அதுக்குள்ள ஏதாவது ஒண்ணு

இரு, கதவு தொறக்குது. திரும்ப அந்தப் பேரைத்தான் கூப்பிடுறாங்க. ஸ்ட்ரெச்சரு வருது. இரு தங்கச்சி, இந்தப் பையப் பாத்துக்க.

*

தண்ணி இருந்தா கொஞ்சம் குடு. நாக்கு ஒட்டிக்கிச்சு.

நீ இங்கேருந்து பாத்திருப்ப, பேசுனது கேட்டிருக்காது. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணுமாம். இனிமே காத்திருக்க முடியாதுன்னுட்டாங்க. கையெழுத்து வேணும். மாப்புள்ள லாரியோட ஓசூர்ல இருக்காரு, பொறப்பட்டாச்சுன்னு போன்ல சொல்றாரு, வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிரும். அம்மா இருந்தா அம்மா போடட்டும், யாரு அம்மான்னு நர்சம்மா கேக்குது.

ராசாம்பா என் கையப் புடிச்சு இழுத்து முன்னால நிறுத்துனா. அவ என்னைத் தொட்டது அதுதான் மொதத் தடவ. தவிடு குடுத்த அன்னிக்குக்கூட மொறத்தக் கீழ வச்சுத்தான எடுத்தோம். கை சொரசொரன்னு சூடா இருந்துச்சு. "பெத்தவங்க இவங்கதாம்மா, கையெழுத்தும் போடத் தெரியும்"ன்னா. நெசந்தான், நான் அறிவொளியில கத்துக்கிட்டவ. பேனா என் கைக்கு வந்துருச்சு. அம்மான்னு எழுதிக்கட்டுமான்னு நர்சம்மா கேக்குது.

அவ ஸ்ட்ரெச்சர்ல கெடக்குறா. மொகமெல்லாம் வீங்கி, ஒதடு வெளுத்து. என்னையே பாக்குறா தங்கச்சி. அதே பார்வை. அன்னிக்குப் பொறவாசல்ல நின்னு பாத்தாளே, அதே ஒம்போது வயசுப் பார்வை.

சொல்லியிருக்கணும். அதுக்குத்தான வந்தேன். காலையில பஸ்ஸுல வர்றப்பவே வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தேன். ஆனா தவிடு இன்னும் என் கையிலதான இருக்கு. குடுக்கலையே. குடுக்காம, அவ கத்தி முனையில கெடக்குற நேரத்துல, எனக்குச் சொந்தம்னு நான் வாயத் தொறந்து, அது எமன் காதுல விழுந்துட்டா? மூத்தவன் பதினோரு நாளு. பூங்கோதை அஞ்சு மாசம். நான் இல்லைங்கன்னுட்டேன். அம்மா அவங்கதான்னு பேனாவ ராசாம்பாகிட்ட நீட்டிட்டேன்.

ராசாம்பா பேனாவ வாங்கல. அவளுக்குக் கைநாட்டுத்தான். பெருவெரல மையில அமுக்கிக் காயிதத்துல வச்சா. ஸ்ட்ரெச்சர்ல கெடந்தவ கண்ண மூடிக்கிட்டா. அந்தப் பக்கம் மொகத்தத் திருப்பிக்கிட்டா. அப்படியே தள்ளிட்டுப் போயிட்டாங்க.

ஏன் அப்படிப் பாக்குற? நீயும் அவள மாதிரியே பாக்குற. அவ உசுருக்காகத்தான் இல்லேன்னேன். எந்தத் தாய்க்காவது இல்லேன்னு சொல்ல வாய் வருமா? எனக்கு வந்துச்சுன்னா, அது எவ்வளவு பயமா இருக்கணும்னு நெனச்சுப் பாரு. ஆனா அத அவகிட்ட யாரு சொல்லுவா? நான் சொன்னதில்ல. நெசந்தான், நான் ஒருக்காகூட சொன்னதில்ல. பூங்கோதைன்னு ஒரு அக்கா இருந்தா, அவ போனதுலேருந்து எனக்கு இப்படி ஆயிருச்சுன்னு உக்கார வச்சுச் சொல்லியிருக்கலாம். சொன்னா அதுவும் எமன் காதுல விழும்னு இருந்துட்டேன்.

ராசாம்பா அங்க சுவத்தப் பாத்து நிக்கிறா. வெரல்ல இருக்குற மையக்கூடத் தொடைக்கல. சேலையில பட்டா கறை ஆயிரும்னு கைய ஒடம்புல படாம தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறா.

எவ்வளவு நேரம் ஆகும் தங்கச்சி? ஒன் மூத்த மருமகளுக்கு ஆபரேஷன்தான்னியே. அரை மணியா? இன்னும் அரை மணி ஆகலையா?

*

அழுவுது. கேக்குதா? இல்ல, இது நம்ம கதவுலேருந்துதான். கேட்டியா, நல்ல கொரலு.

வருது, நர்சம்மா வருது. வெள்ளத் துணியில சுத்தியிருக்கு. என்னம்மா? பொட்டப் புள்ளையா? அவ? அவ எப்படி இருக்கா, அத மொதல்ல சொல்லுங்கம்மா. நல்லாருக்காளா. பேசுறாளா. மயக்கம் குடுக்கலையா? இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப் போகுறதுக்கா? சரிம்மா. தையல் போடுறாங்களா? சரிம்மா, சரிம்மா.

மருதாயியா? நான்தாம்மா மருதாயி.

என்னம்மா சொல்றீங்க? திரும்பச் சொல்லுங்க.

தங்கச்சி, நீ கேட்டியா இந்தம்மா சொல்றத? தவிட்டாயி உள்ளேருந்து சொல்லி விட்டிருக்காளாம். கொழந்தைய மருதாயிங்கிறவங்க கையில குடுக்கணுமாம். ஆனா சும்மா குடுக்கக் கூடாதாம். எம் பொண்ணு பெத்ததுன்னு அவங்க வாயால, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாத்தான் குடுக்கணுமாம். சொல்லலேன்னா பச்சைச் சேலைகிட்டக் குடுத்துருங்க, இனிமே அவங்களக் கேக்க வேண்டாம்னு சொல்லிட்டாளாம்.

ராசாம்பா. ராசாம்பா, இங்க வா. இந்தா, மொதல்ல இத வாங்கிக்க. ஒன் காலுல வேணா விழுறேன், இத வாங்கிக்கிட்டு ஒரு வார்த்த சொல்லிரு, அப்பறம் நான் சொல்லிடுறேன்.

பாரு தங்கச்சி, கையப் பின்னால கட்டிக்கிட்டா. தவிடும் வேண்டாமாம், கொழந்தையும் வாங்க மாட்டாளாம். என்ன சொல்றா? "அந்தத் தவிட்ட அன்னிக்கே மாடு தின்னுருச்சுங்க. நீங்க வெறுங்கையாவே வாங்குங்க"ங்குறா. சொல்லிக்கிட்டே அழுவுறா. இவ ஏன் அழுவுறா?

நர்சம்மா நிக்குது. கை வலிக்கும்ல அதுக்கு. கொழந்த கண்ணத் தொறக்குது பாரு, நெத்தி அப்படியே அந்தப் பூங்கோதை நெத்தி. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. காவக்காரருகூட. இத்தன பேரு காதுல விழுற மாதிரி எப்படிச் சொல்லுவேன்? பச்ச மண்ணும்மா அது, பொறந்து கால் மணி நேரம் ஆகல. இன்னொண்ணு உள்ள வயித்தக் கிழிச்சுக் கெடக்குது. ரெண்டு உசுரையும் வச்சுக்கிட்டுக் கேக்குறாளே.

தங்கச்சி, நீ அந்தச் சொல்ல எத்தன தடவ சொல்லியிருப்ப? தெனமும் சொல்லுவியா? ஒன் மகளுக்கு ஒண்ணும் ஆகல இல்ல? ஒண்ணுமே ஆகல இல்ல?

இந்தா, இந்தப் பையப் புடி. ரெண்டு கையும் வேணும் எனக்கு.

குடுங்கம்மா.

எம் பொண்ணு. எம் பொண்ணு பெத்தது.